எதிராளிக்கு ஒரு பத்தி

அரசுத் தேர்வின் கட்டுரைத் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். அடுத்ததுதான் கடைசி. அதிலும் போனால் தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தேன்.

குன்னூரில் பயிற்சி வகுப்பு. கொடுத்த தலைப்பு, ஊருக்குள் வரும் காட்டெருமைகளை என்ன செய்வது? கேட்க வேண்டுமா! போன மழைக்காலத்தில்தான் வீட்டுக்குப் பின்னால் ஒன்று அப்பாவை முட்டித் தள்ளியிருந்தது. தொடையில் கம்பி வைத்து, மனிதர் கட்டிலோடு கிடந்தார். விரட்டு, வேலி போடு, ஒன்றைக்கூட விடாதே என்று மூச்சு விடாமல் எழுதித் தள்ளினேன்.

பயிற்சி கொடுத்தவர் என்னைவிடச் சின்னப் பெண். படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க, இது கட்டுரைங்களா, சண்டைங்களா? எதிராளி பக்கத்த ஒரு பத்தி எழுதுங்க. அவரே படிச்சா, ‘அட, நான் சொல்ல வந்ததே இதுதான்’னு சொல்லோணும். அப்புறம் மறுத்துப் பேசுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டு வாங்கியது அவர் அப்பாவா என்ன? இருந்தாலும் வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அவை நடந்த தடத்தில்தான் நாம் வீடு கட்டினோம். மேய்ந்த புல்வெளியில் தேயிலை வைத்தோம். சுற்றி நின்று கூச்சல் போட்டால் எந்த உயிர்தான் மிரளாது? எழுத எழுத எனக்கே மலைப்பு. எனக்குப் பிடிக்காத நியாயம் என் கையெழுத்திலேயே இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதே!

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். கட்டிலிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத உனக்கு யாரு அம்முணி சொன்னது?”

“யாருஞ் சொல்லலீங்கப்பா. எதிராளி பேசற மாதிரி எழுதச் சொன்னாங்க.”

அப்பா கம்பி வைத்த தொடையைத் தடவிக்கொண்டார்.

“அன்னைக்கு அது பாட்டுக்கு மேஞ்சுட்டு இருந்துச்சு. நாந்தான் கல்லெடுத்து வீசுனேன். மெரண்டு ஓடறதுக்கு நான் நின்ன சந்து ஒண்ணுதான் வழி.”

“ஏனுங்கப்பா இத்தன நாளா சொல்லல?”

“நீ உட்டாத்தான? எனக்காவ நீ போட்ட சத்தத்துல நான் எங்க வாயத் தொறக்கறது?”

அம்மாடி! மாதக்கணக்காக அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன், எதிராளி அவரேதான். ஒரே ஒரு பத்தி, அவரைப் பேச வைத்துவிட்டது.

தேர்வில் வேறு தலைப்புதான் வந்தது. மறுதரப்பை எழுதும் இடத்தில், கட்டிலில் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு எழுதினேன். அந்த முறை தேறிவிட்டேன்.