காந்தத்துக்கு வரிசை நின்ற என் களிமண்

பல்லேபொலப் பக்கம் செங்கல் என்றாலும் ஓடு என்றாலும் என் சூளைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் மகள் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் படிக்கிறாள். வேறு எதைப் படிப்பாள், என் பிள்ளையல்லவா!

போன மாதம் லீவில் வந்தவள் ஒரு காந்தமும் இரண்டு கறுப்புத் தகடுகளும் கொண்டுவந்தாள். மேசையில் வைத்த உடனே காந்தம் என் சாவிக்கொத்தைப் பறித்துக்கொண்டது.

"களிமண்ணு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தட்டுப்பா," என்றாள். "இரும்பு கலந்த களியத் தண்ணியில கரைச்சு காந்தத்துக்கிட்ட வச்சா, எல்லாத் தட்டும் ஒரே பக்கம் திரும்பி நிக்கும். இந்த ரெண்டு தகட்டையும் குறுக்கும் நெடுக்குமா வச்சா வெளிச்சம் வராது; நடுவுல தட்டெல்லாம் வரிசையா நின்னா வரும். கடைசி வருசத்து ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு களி வேணும்."

"நம்ம மண்ணு நிக்கும்."

"நிக்கலன்னா மாமா சூளையில கேக்கணும்."

மாமா என்றால் என் மனைவியின் தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் ஒரு சூளை இருக்கிறது, சூளை என்று அதைச் சொல்லலாமென்றால். என் மகளின் ஆராய்ச்சிக்கு அவன் மண்ணா? விடுவேனா நான்! குழியின் அடியில் இறங்கி, பச்சை கலந்த மஞ்சள் களியை நானே வெட்டி வந்தேன். சவர்க்காரம் போல வழுக்கும் களி.

களியைக் கரைக்க, பெட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க மகள் மாத்தளைக்குப் புறப்பட்டாள். நான் தடுத்தேன். கல்லை உடைத்து நானே வெட்டிய கிணறு வாசலில் இருக்கும்போது கடைத் தண்ணீர் எதற்கு? அந்தத் தண்ணீரில் சேற்றைக் கரைத்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் தெளிந்துவிடும். ஊரில் அப்படி வேறு கிணறு கிடையாது.

கரைத்தோம். களி திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகி அடியில் இறங்கியது. காந்தத்தை எப்படிக் காட்டினாலும் தகடு கறுப்பாகவே இருந்தது. செய்தி எப்படிப் போனதோ, மச்சான் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மச்சான், ஒங்க மண்ணு நிக்கும்னீங்க, படுத்துக் கெடக்கே?"

மகள் போத்தலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "மண்ணு நல்ல மண்ணுதான் மாமா. கெணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. அது தட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருது. கும்பலா ஒட்டினத காந்தம் எப்படித் திருப்பும்? அப்பா, சீக்கிரம் தெளியுதுன்னு பெருமைப்பட்டீங்களே, அதுவும் இதாலதான்."

பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. நனைந்துகொண்டே ஓடிப்போய்க் கூரைக்குக் கீழே அண்டாவை வைத்தேன். முதலில் விழுந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி பிடித்து, புதிதாகக் களியைக் கரைத்தோம். மறுநாள் காலையில் மணல் அடியில் தங்கியிருந்தது. களி மட்டும் மேலே மஞ்சளாக மிதந்தது. அதைச் சின்னப் போத்தலில் எடுத்து, முன்னும் பின்னும் தகடு வைத்து, மகள் வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஒரே இருட்டு. காந்தம் பக்கத்தில் வந்தது. போத்தலின் நடுவில் விடிந்தது!

"ஒங்கப்பா சொன்னா இந்த வீட்டுல யாரும் வரிசையில நிக்கிறதில்ல," என்றாள் என் மனைவி. "காந்தம் சொன்னா மண்ணே நிக்குது."

மச்சான் காந்தத்தை வாங்கித் தூரப் பிடித்தான், கிட்டப் பிடித்தான், சின்னப் பிள்ளை மாதிரி விடவே மாட்டேன் என்றான். மகள் ஒரு வாளி களியைக் கட்டி வைத்தாள். என் குழிக் களி.

"சரி மச்சான், மண்ணு ஒங்களது," என்றான் அவன். "தண்ணி வானத்துத் தண்ணிதானே?"

"அது விழுந்த கூரையப் பாருடா," என்றேன். "ஓடு யாரு சூளை ஓடு?"