இரண்டு கையிலும் கத்தரி பிடித்தவர்

அறுபதுகளில் நான் திருப்பூரில் நடத்திய பனியன் கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். வலது கை சளைத்தால் கத்தரியை இடது கைக்கு மாற்றி, கோணாமல் வெட்டுவார். தன் சொந்தத் தாய்மாமன் கம்பெனியை விட்டு என்னிடம் வந்தவர் என்பதால் நான் அவரை முழுதாக நம்பவில்லை.

மாமனை அடக்கம் செய்த அன்று நேராக வேலைக்கு வந்தவர், மதியம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க மாஸ்டர், சாப்பிடலீங்களா?"

"சவுல் ராஜாவோட சொந்தக்காரங்க, ரெண்டு கையாலயும் கவண்கல்லு எறியறவங்க, அவரு எதிரியா நெனச்ச தாவீது பக்கம் போயிட்டாங்கன்னு எங்க வேதத்துல இருக்குதுங்க. சவுல் செத்தப்ப தாவீதும் கூட இருந்தவங்களும் சாயங்காலம் வரைக்கும் பட்டினி கெடந்தாங்க. சவுல உட்டுட்டு வந்த அந்தச் சொந்தக்காரங்களும் அதுல இருந்திருப்பாங்கல்லங்க?"

சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் என்னை விட்டுப் போகிறவர்களை நான் திட்டுவதில்லை. நான் செத்த அன்று எனக்காக ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைக்கப் போகிறவர் அவர்களில்தான் இருக்கிறாரோ, யார் கண்டது?