பாஸ்வேர்டு போட்டால் நெட் மெதுவாகுமா?

வைஃபை சரிபார்க்கப் போகிறவளை யாரும் "வா, இரி" என்று வரவேற்பதில்லை. "நெட்டு சுத்திக்கிட்டே நிக்கி" என்றுதான் வரவேற்பார்கள். திரையில் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்து உங்களுக்கும் தலை சுற்றியிருக்கும். நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்து வீடுகளில் வைஃபை அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. பாதி வீடுகளில் கோளாறு லைனில் இருக்காது, ரவுட்டரின் செக்யூரிட்டி செட்டிங்கில் இருக்கும். இதை நம்பவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

தெருவுக்கே நெட்

குளச்சலில் ஜன்னத் அக்காவின் கணவர் குவைத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். கூப்பிட்டதும் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். டெலிபோன்காரர்கள் வந்து பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், அக்காவின் ஒரே லேப்டாப்போடு ஏழெட்டுப் பேருடைய போன்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டே இல்லை. "போட்டா மெதுவாவும்னு கொழுந்தன் சொன்னான்" என்றார் அக்கா. தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த தெரு முழுக்க அக்காவின் நெட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாஸ்வேர்டு போட்டதும் எல்லாம் கழன்று போயின. அந்த வாரம்தான் முதல் தடவையாகக் கணவரின் முகம் தெளிவாக வந்தது. அக்கா திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். நான் வயரைச் சுருட்டுகிறவள் போலத் திரும்பிக்கொண்டேன். பின்னால் கணவரின் குரல் கேட்டது: "என்ன புள்ள, மெலிஞ்சு போயிட்டியா? இல்ல, இப்பதான் முழுசாத் தெரியுதியா?"

சுருக்கமான பாஸ்வேர்டு

தக்கலையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், பாஸ்வேர்டு நீளமானால் நெட்டுக்குப் பாரம் கூடும் என்று நம்பினார். ஒரே எழுத்து வைக்கப் பார்த்திருக்கிறார். குறைந்தது எட்டு எழுத்தாவது வேண்டும் என்று ரவுட்டர் அடம்பிடித்ததால், ஒன்று என்ற எண்ணையே எட்டுத் தடவை அடித்து வைத்துவிட்டார். மாடியில் குடியிருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து ஆனந்தமாக இருந்தார்கள். நான் நீளமாக ஒன்று வைத்து, முன்னும் பின்னும் வேகத்தை அளந்து காட்டினேன். குறையவில்லை, மாடிக்காரர்கள் போனதில் கூடியிருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப எனக்க பேர முழுசா வச்சிரு பிள்ளே, இனிஷியலோட."

இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு

மணவாளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்த செல்வராஜ் அண்ணன், கல்யாண வீடியோவை முன்னறை கம்ப்யூட்டரிலிருந்து பின்னறை கம்ப்யூட்டருக்கு வைஃபையில்தான் அனுப்புவார். அதற்காகவே வேகமான புது ரவுட்டர் வாங்கினார். வேகம் பழைய ரவுட்டரைத் தாண்டவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் சாயங்கால ரயிலில் பெங்களூர் போகவேண்டும்; பின்னறையில் போடவேண்டிய கல்யாண டிவிடிக்காகப் பெண்ணின் அப்பா கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்வேர்ட எடுத்திரட்டா?" என்றார் அண்ணன். "எடுக்காண்டாம்" என்றேன். பழைய ரவுட்டரில் இருந்த டி.கே.ஐ.பி. என்ற பழைய வகைப் பூட்டையே புதியதிலும் வைத்திருந்தார். அந்தப் பூட்டு போட்டால் புது ரவுட்டரும் பழைய வேகத்தில்தான் ஓடும். ஏ.இ.எஸ். என்ற புது வகைக்கு மாற்றினேன். பாஸ்வேர்டு அதேதான். நகரவே மாட்டேன் என்றிருந்த பச்சைக் கோடு சரசரவென்று ஓடியது. அண்ணன் நெற்றியைத் துடைத்தார். பெண்ணின் அப்பா எழுந்து நின்று பெருமூச்சு விட்டார்: "மோளக் கெட்டிக் குடுத்ததுகூட சுளுவா முடிஞ்சு மக்கா. இந்த ரூம்புல இருந்து அந்த ரூம்புக்குப் போவதுக்குத்தான் இம்புட்டுப் பாடு!"

கயிறு

மணவாளக்குறிச்சியில் இன்னொரு நாள் வேலையை முடித்துக் கிளம்பும்போது முட்டத்திலிருந்து போன் வந்தது. ஜெனி என்ற நர்ஸ் பெண். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் இண்டர்வியூ, வீடியோவில், இன்னும் சற்று நேரத்தில். முந்தின நாள் அவள் அண்ணன் வேகம் கூடட்டும் என்று ரவுட்டரில் புது வகைப் பூட்டு மட்டும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவளுடைய பழைய லேப்டாப்புக்கு அந்தப் பூட்டே தெரியவில்லை. அவளோ பாஸ்வேர்டுதான் தப்பென்று திரும்பத் திரும்ப அடித்து, அழும் நிலைக்கு வந்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடலுக்குப் போய் வந்த அவள் அப்பா குளிக்கக்கூட இல்லாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். இருந்த கொஞ்ச நேரத்தில் பூட்டை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி இணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரவுட்டர் டப்பாவில் பிரிக்காமல் கிடந்த வயரை எடுத்து லேப்டாப்பில் நேராகச் செருகினேன். வயருக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். வயர் குட்டை என்பதால் ஜெனி டிவிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் துவைத்த போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். அழைப்பு வந்தது. தெருவில் யாரோ அப்பாவைச் சத்தமாகக் கூப்பிட, அவர் ஓடிப்போய் "ஏலே, மிண்டாத!" என்று வாயைப் பொத்தினார். உள்ளே அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்ல, நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் போர்வையை விலக்கிக்கொண்டு வந்தாள். "எடுத்துட்டாங்கப்பா." அவர் அவள் தலையில் கையை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு வயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தக் கயிறு டப்பாக்குள்ளதானே கெடந்துச்சு மோளே? பின்ன எதுக்கு இவ அண்ணன் என் பிள்ளைய இப்பிடி அழுது கரைய வச்சான்?"

இத்தனை வருடத்தில் நான் கண்டது, நெட்டைச் சரிசெய்வது சுலபம், அதற்கு முன்பே வந்து யோசனை சொல்லிவிட்டுப் போன சொந்தக்காரரைச் சரிசெய்ய மட்டும் இன்னும் செட்டிங் வரவில்லை.