பண்ணையாரம்மா வாங்கிய நிலம்

நீதிமன்றத் தலைமை எழுத்தர் அதுவரை நாற்பத்தொரு நிலங்களை விற்றிருந்தாள். ஒன்றுகூட அவளுடையதல்ல. நிலம் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, விலை ஏறியதும் பின்வாங்குகிறவர்கள் உண்டு. வாங்க வந்தவர் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் அடம்பிடிப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக நீதிமன்றமே போடும். நீதிமன்றத்துக்குக் கை கிடையாது என்பதால் அவள் போடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பண்ணையாரம்மா என்று பெயர். பண்ணையாரம்மா குடியிருந்தது குழாயில் தண்ணீர் ஏறாத வாடகை மாடியில்.

அவள் தம்பி டயர் கடைக்காரன். கடைக்குப் பின்னாலிருந்த மனையை அக்காவுக்கே தருவதாக ஒப்பந்தம் எழுதினான். பக்கத்தில் அகலச் சாலை வந்ததும் அவனுக்கு ஞாபகமறதி வந்தது. நேரே போய்க் கேட்டாள். கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் அன்றைக்கு மனசு வேறு மாதிரி இருந்தது என்றான்.

வழக்குப் போட்டாள். ஐந்து வருஷம் நடந்தது. வாய்தா நாளில் அவள் பஸ்ஸைத் தவறவிட்டால் அவனே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிரதிவாதியாகப் போய் நிற்பான். குறுக்கு விசாரணையில் அவன் வக்கீல் குரலை உயர்த்தியபோது, எங்கக்காவிடம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொந்த வக்கீலையே அதட்டினான். மனையை மட்டும் விடவில்லை.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அவன் எழுதித் தரவில்லை. நீதிமன்றத்தின் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று கோப்பைப் பார்த்த நீதிபதி, தலைமை எழுத்தர் என்ற வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளுக்குப் பதிலாகத் தட்டச்சரை நியமித்தார்.

பதிவு அலுவலகத்துக்குத் தம்பியும் வந்தான். தன் கையெழுத்தை எவன் போடுகிறான் என்று பார்க்க வேண்டுமாம். மறுநாள் அவனுடைய மேல்முறையீடு வருகிறது. தடை உத்தரவு கிடைத்துவிடும் என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பதிவானால் மனை அவளுக்கு. இல்லையென்றால் இன்னொரு ஐந்து வருஷம் குடத்தோடு மாடியேற வேண்டியதுதான்.

தட்டச்சர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இதுக்குப் போய் இப்படியா என்று அவள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். விற்பவர் என்ற இடத்தில், ஆறு பக்கத்திலும், மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். பேனாவை மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இப்ப நீங்களே உங்களுக்கு வித்துட்டீங்க."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தட்டச்சர் சிரித்தார். பதிவாளரும் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூச்சு வாங்கிய பிறகு பதிவாளர் நிலைமையைச் சொன்னார். புதுப் பத்திரம் என்றால் நீதிபதி மறுபடி ஒப்புதல் தர வேண்டும், அவர் லீவில் போய்விட்டார். அல்லது நிலத்துக்காரரே வந்து தப்பை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடலாம்.

தம்பி சிரிப்பை நிறுத்தினான். "அப்ப இந்த நிமிஷம் என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது?"

முடியாது என்றார் பதிவாளர்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பேனாவைக் குடுக்கா. கோர்ட்டு புடுங்கிக் குடுத்துச்சுன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது."

அவள் பேனாவை நீட்டினாள். படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னாள். ஐந்து வருஷமாக வேறு எதைப் படித்தேன் என்று முனகிக்கொண்டே ஆறு பக்கமும் போட்டான்.

நிலத்துக்காரரே கையெழுத்துப் போட்டால் பதிவாளர் ஒன்று கேட்டாக வேண்டும். கேட்டார். "முழுச் சம்மதத்தோடதான் விக்கிறீங்களா?"

தம்பி கூரையைப் பார்த்தான். கொஞ்சம் யோசிக்கணும் என்றான். அலுவலகம் மூட நான்கு நிமிஷம் இருந்தது.

அவள் கோப்பால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "சொல்லித் தொலைடா."

"பாத்தீங்களா சார், அடிச்சு வாங்குறாங்க."

பதிவாளர் பத்திரத்தை மடிக்கப் போனார். "ஐயோ, சம்மதம் சார், சம்மதம்," என்று தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பத்திரம் அவள் முன்னால் வந்தது. வாங்குபவர் என்ற இடத்தில் தட்டச்சர் விரலை வைத்துக் காட்டினார். அவள் கடைசிப் பக்கம் போட்டு முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.