வெயிலுக்கு லைசென்ஸ் கிடையாது

தண்டபாணியும் கலியபெருமாளும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கியதை என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊராட்சி. நான் அங்கே உதவியாளர். ஊரார் வாயில் கிளார்க்கு. அவர்கள் இருவரும் வார்டு மெம்பர்கள். ஒருவர் தெரு விளக்கு கேட்டால், அந்தத் தெருவுக்கு நிலா வெளிச்சமே போதும் என்பார் மற்றவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில் நடந்தது இது. புதிதாக ஊராட்சி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் விதிகளைச் சொல்லித்தர ட்ரெயினிங் இருக்கிறது. விதியில் இல்லாததை நான் சொல்கிறேன்.

இரண்டு மெம்பர், இரண்டு நிலம்

மங்கலம்பேட்டை பாஷா பாய் வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். பீங்கான் பொம்மைக் கம்பெனி ஆரம்பிக்க டவுனில் தோதான இடம் கிடைக்காமல் எங்கள் ஊருக்கு வந்தார். கேஸில் எரியும் சூளை, களிமண் அரைக்க மோட்டார், வர்ணம் அடிக்க ஊர்ப் பெண்கள். மோட்டார் வைத்துத் தொழில் நடத்த ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்.

முதலில் அவர் வாடகைக்குக் கேட்டது தண்டபாணியின் மேட்டு நிலம். கூட்டத்தில் கலியபெருமாள் எழுந்தார்.

"பொக வரும். பக்கத்துல ஸ்கூலு இருக்குது. புள்ளைங்க இருமும்."

"கேஸ் சூளைங்க. பொகையே வராது," என்றார் பாஷா பாய்.

"வராதுன்னு நீங்க சொல்றீங்க. வந்துட்டா யாரு கேக்கறது?"

அந்த நிலத்தில் நின்று கத்தினால்கூட ஸ்கூலுக்குக் கேட்காது. ஆனாலும் தலைவர் இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர், முடிவைத் தள்ளிவைத்தார். பாஷா பாய் அடுத்து கலியபெருமாளின் நிலத்தைக் கேட்டார். அது ஸ்கூலுக்கு இன்னும் பக்கம். இந்தத் தடவை கலியபெருமாளுக்குப் புகை ஞாபகமே வரவில்லை. தண்டபாணிக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

"இவனுங்க போர் போட்டா ஊருக்கே தண்ணி வராதுங்க."

அதுவும் தள்ளிப்போனது. இதை எல்லாம் நான் விளையாட்டாகத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் சம வசதிக்காரர்கள், ஒருவர் டிராக்டர் வாங்கினால் மற்றவருக்கு அன்று சோறு இறங்காது.

அஞ்சலையின் நிலம்

மூன்றாவதாக பாஷா பாய்க்கு அமைந்தது அஞ்சலையின் நிலம். அஞ்சலை, புருஷன் போன பிறகு தினமும் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறி, பொம்மைக்கு வர்ணம் அடித்து இரண்டு மகள்களை வளர்த்தவள். ரோட்டோரம் அவளுக்குக் கொஞ்சம் சரளை நிலம் இருந்தது. எள்ளுகூட ஒழுங்காக முளைக்காது. வாடகையோடு வேலையும் தருவதாக பாஷா பாய் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்தாள்.

"சாரு, கெடச்சிடுங்களா? பெரியவ காலேஜுக்கு ஃபாரம் வாங்கி வெச்சிருக்கா. இத நம்பித்தான் சேக்கறேன்னு சொல்லிட்டேன்."

"ஸ்கூலும் பக்கத்துல இல்ல, ஊரு போரும் இல்ல. யாரும்மா ஆட்சேபனை சொல்லப்போறாங்க? தைரியமா போயிட்டு வா," என்றேன்.

மறுநாள் கூட்டத்தில் தண்டபாணி முதலில் எழுந்தார். வண்டி போகிற ரோடு, கம்பெனி வந்தால் ஆக்ஸிடென்ட் ஆகும் என்றார். அடுத்து கலியபெருமாள் எழுந்தார்.

"தண்டபாணி சொல்றது நாயந்தாங்க."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். ஓட்டெடுப்புக்கு முன்னால் டீ வந்தது. நான் தண்டபாணியைத் தனியாகக் கேட்டேன்.

"அஞ்சலைகிட்ட இன்னாங்க தப்பு? ரோட்டோரம் எத்தனையோ கம்பெனி இருக்குது."

"நாளைக்கு அது பொண்ணு காலேஜு போவும், கிளார்க்கு. அப்புறம் நம்ம வூட்டுப் பொண்ணுங்க அது முன்னால எப்படி நிக்கும்?"

பக்கத்தில் இருந்த கலியபெருமாள் தலையாட்டி, ஒரு டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு கையும் உயர்ந்தன. அவர்களுடைய ஆட்கள் கைகளும் உயர்ந்தன. 'பொதுநலன் கருதி நிராகரிக்கப்படுகிறது' என்று நான்தான் எழுதினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. சமமானவன்மேல் பொறாமை வந்தால் சண்டையோடு போய்விடும். கீழே இருப்பவள் ஏறி வருவாளோ என்று வருகிற பொறாமைதான் ஆளை அழிக்கப் பார்க்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

அஞ்சலை நிலத்தை ஒட்டிய அந்த ரோடுதான் எங்கள் ஊராட்சியின் எல்லை. அந்தப் பக்கம் வேறு ஊராட்சி. பாஷா பாய் அங்கே கேட்டார், உடனே அனுமதி கிடைத்தது. கம்பெனி வரியில் அவர்கள் தெருக்களுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. அங்கே உதவியாளராக இருந்தவன் என்னோடு ட்ரெயினிங் எடுத்தவன். யூனியன் ஆபீஸ் மீட்டிங்கில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் எரிகிறது.

பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் அச்சுகள் களிமண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும். அவற்றை வெயிலில் காயவைத்தால்தான் மறுபடி வார்க்கலாம். அந்தப் பக்கம் முழுக்க வயல், ஈரம். மரம் மட்டை இல்லாத சரளை நிலம் எதிரே அஞ்சலையிடம்தான் இருந்தது. பாஷா பாய் அதை அச்சு காயவைக்க வாடகைக்கு எடுத்தார். காயவைத்து எடுக்கிற வேலையும் அவளுக்கே.

மெம்பர்கள் இருவரும் ஒரே வண்டியில் ஆபீஸுக்கு வந்தார்கள்.

"அச்சு காயவெக்கறதுக்கு லைசென்ஸ் வேணுமில்ல, கிளார்க்கு?" என்று கேட்டார் தண்டபாணி.

"மோட்டார் இல்ல, சூளை இல்ல, கட்டடம் இல்ல. வெயிலுக்கு லைசென்ஸ் கெடையாதுங்க," என்றேன். என் சர்வீஸில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு விதியைச் சொன்னதில்லை.

ஆட்சேபனை வந்தால், அதில் எழுதியிருக்கும் காரணத்தோடு நின்றுவிடாதீர்கள். அதே காரணம் யார் நிலத்துக்குச் சொல்லப்படவில்லை என்று பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை தொடங்கிய அன்று மெம்பர்கள் இருவரும் நானும் அஞ்சலையின் நிலத்தை ஒட்டிய பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கியிருந்தோம்.

"நல்ல மழ," என்றார் கலியபெருமாள்.

"அச்செல்லாம் நனஞ்சிடும்," என்றார் தண்டபாணி. பயிரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அப்போது காலேஜ் பஸ் வந்து நின்றது. அஞ்சலையின் பெரிய மகள் இறங்கி, நிலத்தில் அச்சுகளை அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் பையை எறிந்துவிட்டு, அவற்றை மூடத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள்.