கோரிமேட்டில் அப்பாவின் நாற்காலியைத் திருப்பிப் போட்ட நாள்

1989, பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அப்பாவைக் கோரிமேடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பஞ்சாலையில் இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டியதில் அவருக்குக் காது போய்விட்டது. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் அழிந்தாலும் கோழிக்குஞ்சுகளுக்கு அவை திரும்ப முளைக்கின்றன என்று நூலகத்தில் ஓர் இதழில் படித்திருந்தேன். அந்த ஆசைதான் கிளப்பியது. முளைக்காவிட்டால் காதுமிஷினாவது கிடைக்க வேண்டும்.

கடலூரில் காலை 5.40க்குப் பேருந்து. புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், தலைக்கு இரண்டேகால் ரூபாய். அப்பா சீட்டு கேட்ட சத்தத்தில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"பெரியவரே, பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றார் நடத்துநர்.

நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்தோம். கோரிமேடு ஆறு கிலோமீட்டர், அறுபது காசு. ஏழரைக்கே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

பரிசோதனை அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா பொத்தான்கள் வைத்த கருவியோடு உட்கார்ந்திருந்தார். அவர் பொத்தானை அழுத்தி எழுப்பும் சத்தம் கேட்டால் அப்பா விரல் தூக்க வேண்டும். ஒன்றுவிடாமல் தூக்கினார்.

"என்னைவிட உங்க அப்பாவுக்கு நல்லா கேக்குதும்மா. மிஷின்லாம் வேணாம், அழைச்சிட்டுப் போ."

அப்புறம்தான் உறைத்தது. தறிச் சத்தத்தில் எவருக்கும் எதுவும் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அப்பா பொத்தானை அழுத்தும் கையைப் பார்த்து விரல் தூக்கியிருக்கிறார்!

சொன்னதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். இந்த முறை விரல் நாலைந்து தடவைதான் எழுந்தது.

"கரன்ட் போயிடுச்சா?" என்று அப்பா திரும்பிப் பார்த்தார்.

டாக்டரிடம் கோழிக்குஞ்சைப் பற்றிக் கேட்டேன். "கோழிக்குஞ்சு மாதிரி மனுசங்களுக்கு அது முளைக்கிறதில்லம்மா. ஏன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. எப்ப முடியும்னு சொல்ல முடியாது" என்றார்.

அப்பா அவர் உதட்டையே பார்த்திருந்தார். "இத்தன வருசம் ஞாயித்துக்கெழம தவறாம கோழி தின்னேனே டாக்டர், எல்லாம் வீணா?"

டாக்டர் குலுங்கிச் சிரித்தார். தாழ்ந்த சுருதியைக் கேட்கும் திறன் கொஞ்சம் மிச்சமிருப்பதால் மிஷின் உதவும் என்று சொல்லி, சட்டைப்பையில் வைக்கும் ஒன்றைப் பதினைந்து நாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்.

அதை மாட்டிக்கொண்டு அப்பா ஏதோ பேச வாயெடுத்து, திடுக்கிட்டு நிறுத்தினார். "நானா இப்படிக் கத்துறேன்?"

"ரொம்ப வருசமா."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னோம்ப்பா."

போகிறவர்கள் ஏழுக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். ஆலையில் வேலை பார்த்தவர் என்றால் நாற்காலியை முதலிலேயே திருப்பிப் போடச் சொல்லுங்கள். குஞ்சுகளின் ரகசியம் பிடிபடும்வரை மிச்சமிருக்கும் காதைத் தேடிப் பார்ப்பதும் நல்ல ஆராய்ச்சிதான். திரும்பும்போது எஞ்சினிலிருந்து தள்ளி உட்காருங்கள். மிஷினில் அந்த இரைச்சல் குத்தும். நாங்களும் கடைசி இருக்கையில்தான் வந்தோம். அரியாங்குப்பம் தாண்டியதும் அப்பா என்னவோ சொன்னார், அவ்வளவு மெதுவாக.

"என்னப்பா?" என்று நான்தான் காதைக் கொண்டுபோனேன்.