கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டை

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வெளியே போகிறவர்கள் சாவியைத் தர வேண்டும். நாங்கள் அந்த அறையின் கரண்ட் மெயினை அணைத்துவிடுவோம்.

மார்த்தாண்டம் விலாசம் எழுதி ஒருவர் வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். இத்தனை பக்கத்தில் வீடிருக்க அறை எதற்கு? சாப்பிடப் போனாலும் சாவியைத் தரவில்லை. என் மேசையில் அவர் மறந்துவிட்டுப்போன கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டையின் படம். சுரங்கவழி, புதையல் என்று குறிப்புகள். பக்கத்துக் கடற்கரையில் இருக்கும் வட்டக்கோட்டையைத் தோண்ட வந்த ஆள் என்றே நினைத்தேன். கேட்கக் கூச்சம். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வெளியே போனதும், பழக்கத்தில் மெயினை அணைத்துவிட்டு, மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தேன். டிவியோடு இணைத்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டிதான் இருந்தது.

அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். இருண்ட டிவியைப் பார்த்தார்.

"அணைச்சிட்டேளா அண்ணாச்சி? கரண்டு போனா இது முதல்ல இருந்து ஆடணுமாக்கும். கோட்டைக்குள்ள கடைசிப் புதையலுக்கு ரெண்டு அறைதான் பாக்கி."

"மன்னிக்கணும் சார். இப்பம் போன்லயே கேம் இருக்குல்லா?"

"அது வழிய அதுவே சொல்லிரும். பின்ன நான் எதுக்கு? இதுல நாமளே வரைஞ்சு வரைஞ்சு கண்டுபிடிக்கணும்."

"வீட்டுல வச்சு விளையாடலாமே."

"மூணு நாளு டிவிய எனக்கு விட்டுத் தருவாவளா?"

அவர் கோபப்படவே இல்லை. அதனாலேயே என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. இதற்காக ஒருவர் அறை எடுப்பாரா?

மறுநாள் அவர் அறையை இன்னும் மூன்று நாளுக்கு நீட்டித்தார்.